கிடார் எங்கே போச்சு? ராக் பேண்டு எலக்ட்ரானிக்குக்கு மாறும்போது உள்ளே நடப்பது

மூன்று ஆல்பம் வரைக்கும் கிடாரை முழங்க முழங்க வாசித்த ஒரு பேண்டு. நாலாவது ஆல்பம் வருகிறது, கிடாரைக் காணோம். டிரம்ஸ் இருந்த இடத்தில் ஏதோ மெஷின் தட்டுகிறது. பாடகரின் குரலை நறுக்கி நறுக்கி ஒட்டியிருக்கிறார்கள். முதல் பாட்டு முடிவதற்குள் ரசிகருக்குக் கடுப்பு ஏறிவிடும். வேலூர்க்காரராக இருந்தால், "இன்னாபா இது, கிடார்காரன் ஓடிட்டானா?" என்று கேட்பார்.

இதற்குத் தயாராக இரண்டு பதில் எப்போதும் இருக்கும். காசுக்காக மாறிட்டாங்க என்பது ஒன்று, டிஜே ஆயிட்டாங்க என்பது இன்னொன்று. இரண்டுமே பெரும்பாலும் பொருந்தாது. கிடாரைக் கீழே வைத்துவிட்டு லேப்டாப்பை எடுத்தார்கள் என்பது வெளியே தெரிகிற மாற்றம், அவ்வளவுதான். உள்ளே மாறுவது பாட்டு உருவாகும் விதம். முன்பு நாலு பேர் ஒரே ரூமில் ஒருவரையொருவர் கேட்டபடி வாசித்தார்கள், அதிலிருந்து பாட்டு வந்தது. இப்போது ஒவ்வொரு சத்தமாகத் திரையில் அடுக்கிக் கட்டுகிறார்கள். அந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் டிரம் மெஷின், சிந்தசைசர், சாம்பிள் என்று மிரட்டும் பெயர்கள் எல்லாம் வழிக்கு வந்துவிடும்.

இந்தப் பேச்சில் அடிக்கடி அடிபடும் இண்டி ராக் என்ற பெயர் பற்றி ஒரு வார்த்தை. பெரிய இசைக் கம்பெனிகளைச் சாராமல் சின்ன லேபிளிலோ சொந்தச் செலவிலோ பாட்டு வெளியிட்ட பேண்டுகளை 1980-களில் பிரிட்டனில் இண்டி என்றார்கள். போகப் போக அது ஒரு வகைச் சத்தத்துக்கும் பெயராகிவிட்டது: இரண்டு கிடார், ஒரு பேஸ் கிடார், ஒரு டிரம் செட், அதிகம் மெருகு போடாத குரல். பின்னால் வரப்போகும் இங்கிலாந்து பேண்டு ரேடியோஹெட் பெரிய கம்பெனியில் இருந்தது, அதை இண்டி என்று சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.

தாளம் யார் கையில்

வட ஆற்காட்டுத் தெருக்கூத்தை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். வேஷக்காரர் வசனத்தை இழுத்தால் மிருதங்கக்காரர் காத்திருப்பார். வேஷக்காரர் சுழன்று ஆடத் தொடங்கினால் மிருதங்கம் வேகம் பிடிக்கும், முகவீணையும் கூடவே ஓடும். தாளம் ஒருத்தர் கையில் இல்லை, எல்லோருக்கும் நடுவில் இருக்கிறது. புரிசைக் கூத்தானாலும் சரி, லண்டன் கிளப்பில் வாசிக்கும் நாலு பேரானாலும் சரி, ஆட்கள் சேர்ந்து வாசிக்கும் இசைக்கு இது பொது. கோரஸ் (பல்லவி போலத் திரும்பத் திரும்ப வரும் பகுதி) வரும்போது டிரம்மர் தன்னை அறியாமல் ஒரு துளி வேகம் கூட்டுவார், பேஸ்காரர் சில மில்லி நொடி பின்தங்குவார். அந்த இழுபறியைத்தான் நாம் 'லைவ் ஃபீல்' என்கிறோம்.

இப்போது டிரம் மெஷின். இதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. தீபாராதனை நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் முரசும் மணியும் தானாக அடிக்கும் மோட்டார் மேளத்தை எத்தனையோ கோயில்களில் பார்த்திருக்கிறோம். அது களைப்படையாது, அர்ச்சகர் தட்டைச் சுற்றும் வேகத்தைப் பார்த்துத் தன் வேகத்தை மாற்றவும் செய்யாது. டிரம் மெஷினும் அதே குணம்தான், ஆனால் எந்த அடி எங்கே விழ வேண்டும் என்பதை நாமே எழுதி வைக்கலாம். ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980-ல் கொண்டுவந்த டிஆர்-808 இதில் பேர்போனது. பதினாறு பொத்தான்கள் வரிசையாக இருக்கும். நாலு அடி கொண்ட ஒரு சுற்றைப் பதினாறு கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் பேஸ் டிரம், எந்தக் கட்டத்தில் கைதட்டல் என்று பொத்தானை அழுத்தி வைத்தால் போதும். நிறுத்தச் சொல்லும் வரை அந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும்.

அதன் வேகத்தை பிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள், நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று அர்த்தம். 120 பிபிஎம் என்றால் அரை நொடிக்கு ஓர் அடி. ராக் டிரம்மர் 120-ல் ஆரம்பித்து 123-ல் முடித்தாலும் கேட்பவருக்கு உறுத்தாது. மெஷின் 120 என்றால் கடைசி வரை 120-தான்.

ஒரு பேண்டுக்குள் டிரம் மெஷின் வந்ததும் எல்லோருடைய வேலையும் மாறிப்போகிறது. இதுவரை டிரம்மரைப் பார்த்து வாசித்தவர்கள் இனி யாருக்கும் காத்திருக்காத ஒன்றோடு ஒட்டி வாசித்தாக வேண்டும். கிடார்காரர் இஷ்டத்துக்கு இழுக்க முடியாது. இழுத்தால் இழுத்தது பளிச்சென்று தெரியும். அதனால்தான் எலக்ட்ரானிக்குக்கு மாறிய பேண்டுகளில் கிடார் பெரும்பாலும் நீண்ட சோலோக்களை விட்டுவிட்டு, குட்டிக் குட்டித் துண்டுகளாக ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுகிறது. கிடார் போய்விட்டது என்று நாம் நினைக்கும் பாதிப் பாட்டுகளில் அது போகவில்லை. தாள வாத்தியமாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஸ்டூடியோ நீளத்துக்கு ஒட்டிய காகிதம்

இந்த மாற்றத்துக்கு உதாரணம் கேட்டால் நான் முதலில் காட்டுவது மான்செஸ்டர்காரர்களான நியூ ஆர்டரை. ஜாய் டிவிஷன் என்ற பேண்டின் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதம் இறந்துபோனார். மிச்சமிருந்தவர்கள் பெயரை மாற்றிக்கொண்டு நியூ ஆர்டர் ஆனார்கள், ஜில்லியன் கில்பர்ட் என்பவர் கீபோர்டுக்கு வந்து சேர்ந்தார். 1983 மார்ச்சில் 'ப்ளூ மண்டே' வெளியானது. ஏழரை நிமிஷப் பாட்டு. ஒரு பாட்டுக்காக வெளியிடும் தட்டைத்தான் சிங்கிள் என்பார்கள். பிரிட்டனில் 12 அங்குல சிங்கிள் தட்டுகளில் அதிகம் விற்றது அதுதான்.

அதன் ஆரம்பத்தைக் கேளுங்கள். பேஸ் டிரம் மட்டும்தான் இருக்கும். நிதானமாகச் சில அடி, உடனே தடதடவென்று ஓர் ஓட்டம், நொடிக்கு எட்டு அடிக்கும் மேல். ஒரு காலால் மிதித்து இதை வாசிப்பது சாதாரண விஷயமில்லை, அதுவும் ஒவ்வொரு அடியும் ஒரே பலத்தில். ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் என்ற டிரம் மெஷின் அதைச் செய்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த பேண்டில் மெஷின்கள் மேல் ஆசை வைத்திருந்தவர் டிரம்மர் ஸ்டீபன் மாரிஸேதான். தன் வேலையைப் பறிக்க வந்த பெட்டி என்று அவர் அதைப் பார்க்கவில்லை. தனக்குக் கிடைத்த இன்னொரு வாத்தியமாக எடுத்துக்கொண்டார்.

மெட்டு வேறு வகையில் வந்தது. கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்யவில்லை. ஒவ்வொரு சுரமாக சீக்வென்சருக்குள் ஏற்றினார்கள். எந்தச் சுரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்ற பட்டியலை நினைவில் வைத்துக்கொண்டு, மின்சாரத்தில் சத்தத்தை உண்டாக்கும் சிந்தசைசரை இயக்கும் கருவிக்குப் பெயர்தான் சீக்வென்சர். கில்பர்ட் முழுப் பாட்டையும் ஏ4 தாள்களில் எழுதி, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி ஸ்டூடியோ நீளத்துக்கு விரித்து வைத்துக்கொண்டு ஏற்றியதாகச் சொல்லியிருக்கிறார். நடுவில் ஒரே ஒரு சுரம் விட்டுப்போயிற்று. அதனால் மெட்டு தாளத்திலிருந்து லேசாக விலகி ஓடுகிறது. அவர்கள் அதைத் திருத்தவில்லை, இன்றுவரை அப்படியேதான் கேட்கிறோம். மெஷின் இசையில் மனித வாடை இல்லை என்று யாராவது ஆரம்பித்தால் நான் இந்தப் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மெஷின் இத்தனை இருந்தும் பீட்டர் ஹுக் பேஸ் கிடாரைக் கைவிடவில்லை. கீழ் ஸ்தாயியை சிந்தசைசர் பார்த்துக்கொள்வதால் அவருடைய பேஸ் மேலே ஏறி, கிடார் பாடுகிற இடத்தில் பாடுகிறது.

அதே 1983-ல்தான் மிடி என்ற பொது ஏற்பாடும் வந்தது. அதற்கு முன்பு ஒரு கம்பெனியின் கீபோர்டு இன்னொரு கம்பெனியின் டிரம் மெஷினோடு பேசாது, பேச வைக்கத் தனி வித்தை வேண்டும். மிடி கேபிளில் போவது சத்தம் இல்லை, கட்டளை. இந்தச் சுரத்தை அழுத்து, இவ்வளவு பலத்தில் அழுத்து, இப்போது விடு, இவ்வளவுதான். பலத்துக்கு 0 முதல் 127 வரை அளவு. இதனால் ஒரு பெரிய வசதி கிடைத்தது. வாசித்து முடித்த பிறகும் சத்தத்தை மாற்றலாம். பியானோவாக வாசித்ததைப் புல்லாங்குழலாக்கலாம், தப்பாக விழுந்த அடியை இழுத்துச் சரியான கட்டத்தில் வைக்கலாம். இப்படிக் கட்டத்துக்குள் இழுத்து வைப்பதற்கு குவாண்டைஸ் என்று பெயர். எஃப்எல் ஸ்டூடியோ என்ற மென்பொருளை வைத்துப் பீட் போடுகிற பையன்களைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள்.

சத்தத்தைச் செதுக்குவது

கிடாரில் நரம்பு அதிர்கிறது, அதனால் சத்தம் வருகிறது. சிந்தசைசரில் அதிர நரம்பு இல்லை. ஆஸிலேட்டர் என்ற பகுதி ஒரு மின் அலையை உண்டாக்குகிறது. அந்த அலையை அப்படியே கேட்டால் ரீங்காரம் மாதிரி இருக்கும், யாருக்கும் பிடிக்காது. அதைச் செதுக்குவது ஃபில்டர். பக்கத்துத் தெரு கல்யாண மண்டபத்தில் கச்சேரி நடக்கும்போது நம் வீட்டுக்குள் பேஸ் மட்டும் தொம் தொம் என்று கேட்குமே, பாட்டின் வரி காதில் விழாதே, அங்கே சுவர்தான் ஃபில்டர். உயர்ந்த ஒலிகளைச் சுவர் தடுத்துவிட்டுத் தாழ்ந்த ஒலிகளை விடுகிறது. சிந்தசைசரில் அந்தச் சுவரின் கனத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ் இருக்கிறது, கட்ஆஃப் என்பார்கள். பாட்டு மங்கலாக ஆரம்பித்து, மெல்ல மெல்லத் தெளிந்து, கோரஸில் பளீரென்று திறந்துகொண்டால் யாரோ அந்தக் குமிழைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது பகுதி என்வலப். சத்தம் எவ்வளவு வேகமாக எழும்ப வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், விரலை எடுத்த பிறகு எவ்வளவு நேரம் தேய்ந்து மறைய வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். ஒரே அலையை வைத்து எழுச்சியை வேகமாக்கினால் மீட்டியது போல நறுக்கென்று விழும், மெதுவாக்கினால் வயலின் கூட்டம் வருவது போலப் பரவும். போனில் இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது ஒரு சிந்தசைசர் ஆப்பைப் போட்டு கட்ஆஃப், எழுச்சி (அட்டாக்) என்ற இரண்டு குமிழை மட்டும் கால் மணி நேரம் திருப்பிப் பாருங்கள். நான் இங்கே எழுதியதைவிட அது நன்றாகச் சொல்லிக் கொடுக்கும்.

சாம்ப்ளர் சுலபம். ஏற்கெனவே பதிவான ஒலித் துண்டை வெட்டி எடுத்து வாத்தியமாக்குவது. ரேடியோஹெட்டின் 'இடியோடெக்' பாட்டில் சுற்றிச் சுற்றி வரும் அந்த நாலு கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), பால் லான்ஸ்கி என்ற இசையமைப்பாளர் 1973-ல் கம்ப்யூட்டரில் செய்த ஒரு நீண்ட படைப்பிலிருந்து எடுத்த சின்னத் துண்டு.

சரி, ஏன் மாறுகிறார்கள்?

ரேடியோஹெட் கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. 1997-ல் அவர்களுடைய 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பம் வந்து உலகம் பூராவும் கொண்டாடிவிட்டது. கிடார் பேண்டுகள் பலவும் அவர்கள் மாதிரியே ஒலிக்கத் தொடங்கின. பாடகர் தாம் யார்க்குக்கு கிடார் இசையே அலுத்துவிட்டது. ஏஃபெக்ஸ் ட்வின், ஆட்டெக்கர் மாதிரியான எலக்ட்ரானிக் கலைஞர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். 2000 அக்டோபரில் 'கிட் ஏ' வந்தது. முதல் பாட்டே புரொஃபெட்-5 சிந்தசைசரில் தொடங்குகிறது, யார்க்கின் குரல் துண்டு துண்டாகச் சிதறுகிறது, கிடார் காதில் விழாது. மூன்று கிடார்காரர்கள் இருந்த பேண்டு அது! பாட்டில் தனக்கு வேலையே இல்லாதபோது என்ன செய்வது என்ற கேள்வி அவர்களுக்கு நிஜமாகவே வந்தது. அந்த மூவரில் ஒருவரான ஜானி கிரீன்வுட் 1928-ல் பிரான்சில் உருவான ஆன்ட் மார்ட்டெனோ என்ற பழைய மின் வாத்தியத்துக்குப் போனார். 'இடியோடெக்' உருவானதும் இந்த வழியில்தான். கிரீன்வுட் சிந்தசைசரில் மணிக்கணக்காகக் குடைந்து ஐம்பது நிமிஷப் பதிவு ஒன்றைக் கொடுத்தார், அதிலிருந்து ஒரு நிமிஷம்கூட இல்லாத ஒரு துண்டை எடுத்து யார்க் பாட்டாக்கினார். நான் முதலில் சொன்ன மாற்றம் இதுதான். சேர்ந்து வாசிப்பது போய், ஒருவர் குவிக்க இன்னொருவர் பொறுக்குவது வந்துவிட்டது.

ஒரு சிங்கிள்கூட வெளியிடாமலேயே அந்த ஆல்பம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. விமர்சகர்கள் அப்போது இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். பிறகு அந்தப் பத்தாண்டின் சிறந்த ஆல்பம் என்று சிலர் பட்டியலிட்டார்கள். 2007-ல் 'இன் ரெயின்போஸ்' வந்தபோது கிடாரும் திரும்பி வந்துவிட்டது. ஆக, போனவர்கள் திரும்ப மாட்டார்கள் என்றும் இல்லை.

இங்கே, வேலூரில், காரணம் வேறு மாதிரி இருக்கும். கல்லூரி பேண்டின் ஆயுள் நாலு வருஷம். முதல் வருஷம் ஹாஸ்டலில் சேர்கிறார்கள். ஒருத்தன் சர்ச்சில் கீபோர்டு வாசித்துப் பழகியவன், ஒருத்தனிடம் அண்ணனின் பழைய கிடார். மொட்டை மாடி ரூமில் டிரம் செட்டை வைத்தால் மே மாத வெயிலில் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. தாக்குப்பிடித்தாலும் ஹவுஸ் ஓனர் மேலே ஏறி வந்துவிடுவார். நாலாம் வருஷம் பேஸ்காரனுக்கு பெங்களூரில் வேலை, டிரம்மருக்கு ஹைதராபாத்தில். காட்பாடி ஜங்ஷனில் ஆளுக்கொரு ரயில். மிச்சமிருக்கிற இரண்டு பேர் லேப்டாப்பில் டிரம்ஸ் போட்டுக்கொள்கிறார்கள், பேஸை கீபோர்டில் வாசிக்கிறார்கள், ஃபைல்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். கேட்பவர்கள், "சவுண்டு மாத்திட்டாங்க" என்கிறார்கள். அவர்கள் மாற்றியதில் பாதி சூழ்நிலை. இதைக் குறையாக நான் சொல்லவில்லை. ஹெட்போனில் ராத்திரி இரண்டு மணிக்கு யாரையும் எழுப்பாமல் வேலை செய்யலாம் என்பது ஒரு பாட்டின் போக்கை நிஜமாகவே மாற்றும். கத்திப் பாட முடியாது, அதனால் குரல் தாழ்கிறது. டிரம்ஸ் சத்தத்தோடு போட்டியில்லை, அதனால் சின்னச் சின்ன ஒலிகளுக்கு இடம் கிடைக்கிறது.

இந்தியாவில் இதைப் பெரிய அளவில் செய்தவர்கள் மும்பையின் பென்டாகிராம், விஷால் தத்லானி பாடிய பேண்டு. 1994-ல் ராக் பேண்டாகத் தொடங்கி, 2002-ல் வந்த 'அப்' ஆல்பத்தில் எலக்ட்ரானிக் பக்கம் நன்றாகவே சாய்ந்தார்கள். நம் பக்கத்துக்கு வந்தால், ஏ.ஆர்.ரகுமான் சினிமாவுக்கு வருமுன் சென்னையில் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் பேண்டை நடத்தியவர் என்பதை நினைத்துப் பாருங்கள். 1992-ல் 'ரோஜா' வந்ததிலிருந்து சீக்வென்சரும் சாம்பிளும் தமிழ்க் காதுக்குச் சொந்தமாகிவிட்டன. அதனால் ராக் பேண்டு சிந்தசைசரைத் தொட்டால் மட்டும் நாம் முகம் சுளிப்பது எனக்குக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் படுகிறது.

மேடையில் என்ன செய்வார்கள்

ரூமில் சேர்ந்து வாசித்துப் பிறந்த பாட்டை மேடையில் வாசிப்பது சுலபம், ரூமிலும் அப்படித்தான் வாசித்தார்கள். திரையில் கட்டிய பாட்டுக்குத்தான் சிக்கல். ஆஸ்திரேலியாவின் கெவின் பார்க்கர் என்ற ஒருத்தரை மையமாகக் கொண்ட டேம் இம்பாலா இதற்கு நல்ல உதாரணம். 2015-ல் வந்த 'கரன்ட்ஸ்' ஆல்பத்தில் பார்க்கர் எல்லா வாத்தியமும் தானே வாசித்து, தானே பதிவு செய்து, மிக்ஸிங்கும் தானே செய்தார். அதுவரை கிடார் மேலே நின்ற அவர் இசை சிந்தசைசருக்குத் தாவியதும் அந்த ஆல்பத்தில்தான். ஆனால் மேடை ஏறினால் ஐந்து பேர். ஒருத்தர் தனியாகக் கட்டியதை ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மற்றவர்கள் பெரும்பாலும் கிளிக்கை நம்புகிறார்கள். டிரம்மரின் காதில் மட்டும் டிக் டிக் என்று தாளம் ஓடும், அதோடு ஒட்டி லேப்டாப்பிலிருந்து மிச்ச ஒலிகள் வரும். லேப்டாப் நின்றால் பாட்டும் நின்றது. பாடகர் ஒரு வரியைத் தவறவிட்டால் கூத்து மிருதங்கக்காரர் போலக் காத்திருக்க அங்கே ஆளில்லை.

எங்கள் பக்கத்து இன்னிசைக் கச்சேரிக்காரர்கள் இதையெல்லாம் எப்போதோ கடந்துவிட்டார்கள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு போன்ற திருவிழாக் காலத்தில் இந்த மாவட்டத்தில் எந்த மேடையைப் பார்த்தாலும் ஓரத்தில் ஒருத்தர் ரிதம் பேடோடு நிற்பார். அந்தப் பேடுக்குள் தவிலும் உண்டு, உறுமியும் உண்டு, கைதட்டலும் உண்டு. குச்சி பட்டால் சாம்பிள் ஒலிக்கும். ஆனால் தாளம் அவர் கையிலேயே இருக்கிறது. பாடகி சரணத்துக்கு முன் மூச்சு வாங்கினால் அவரும் ஓர் அடி நிறுத்துவார். மின் சத்தமும் கை தாளமும் இப்படிச் சேர்ந்தே இருக்க முடியும் என்பதை எலக்ட்ரானிக்குக்குப் போன பேண்டுகளில் நல்லவையும் கண்டுபிடித்திருக்கின்றன. டிரம் மெஷினுக்கு மேலே நிஜ டிரம்மரையும் வாசிக்க வைப்பது இப்போது சர்வ சாதாரணம்.

எல்லா மாற்றமும் உருப்படுவதில்லை. பழைய பாட்டையே அப்படியே எழுதி, மேலே கொஞ்சம் சிந்தசைசர் பூசிவிட்டு "புது சவுண்டு" என்கிற பேண்டுகள் ஏராளம். கண்டுபிடிப்பது எளிது. அந்த சிந்தசைசரை மனசுக்குள் கழற்றிப் பாருங்கள். பழைய பாட்டு முழுசாக நின்றால் அது பூச்சு. 'ப்ளூ மண்டே'யில் கழற்றினால் பாட்டே இருக்காது.

கேட்கத் தொடங்குகிறவர்கள் 'ப்ளூ மண்டே'யில் ஆரம்பிக்கலாம், நடனப் பாட்டு என்பதால் உடனே ஒட்டிக்கொள்ளும். அடுத்து 'கரன்ட்ஸ்'. அதில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒரு தடவை, டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து ஒரு தடவை. 'கிட் ஏ' கடைசியாக இருக்கட்டும், நடுவில் நிறுத்தாமல் முழுசாக. மூன்றையும் போன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் வராது, பாதிப் பாட்டு அங்கேதான் இருக்கிறது.